மயானத்துக்கு ஓர் அகப்பக்கம்

போன வாரம் எனக்கு ஒரு மயானம் நல்வரவு சொன்னது.

பக்கத்து வீட்டு மணியத்தின் மாமியார் பாடாங் மேஹாவில் காலையில் தவறிப்போனார். மாலைக்குள் தகனம் செய்தாக வேண்டும். மணியம் என் வாசலில் வந்து நின்றார்.

“அண்ணே, மின்சுடலைக்கு யார்கிட்ட டைம் கேக்கணும்? வீட்டுல எல்லாரும் அழுதுகிட்டு இருக்காங்க. எனக்கு ஒன்னும் ஓடல.”

நான்தான் நவீன மனிதன் ஆயிற்றே! கைப்பேசியை எடுத்தேன். எங்கள் ஊர் மயானச் சங்கத்துக்கு அகப்பக்கமே இருக்கிறது. நிதானமாகத் திறந்தது. சுடுகாட்டுக்கு என்ன அவசரம்?

“நல்வரவு!” என்று தங்க எழுத்துகள் மின்னின. அடுத்து, என்றோ நடந்து முடிந்த ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பு. அதன் பக்கத்தில் ‘புதியது’ என்று ஒரு நட்சத்திரம். பிறகு தலைவர் மாலை வாங்கும் படம், தலைவர் மாலை போடும் படம்... நேரம்? இல்லை. என்ன பத்திரம் வேண்டும்? இல்லை. கீழே, செயலாளர் பெருமாள் என்று ஓர் எண். கடைசி வரி: “மீண்டும் வருக!”

எண்ணை அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார்.

“அவர் இல்லையே தம்பி. மூனு வருஷம் ஆச்சு. நீங்க கேக்குற எடத்துலதான் அவரையும்...” பிறகு மடமடவென்று சொன்னார்: “நான் அவரு சம்சாரம், சரசு. இப்ப பாக்குறவர் நம்பர் தரேன், எழுதிக்குங்க. தகனத்துக்கு போலிஸ் பெர்மிட்ட மறந்துறாதீங்க. நாலு மணிக்கு முன்ன போயிருங்க லா.”

எல்லாம் ஒரே நிமிடம். மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். காரியம் நல்லபடியாக முடிந்தது.

எனக்குத்தான் கோபம் அடங்கவில்லை. சங்கத் தலைவரைப் பிடித்தேன். “ஏன் சார், அந்தப் பக்கத்தைத் தூக்கக் கூடாதா?”

“தூக்கலாம் லா. பாஸ்வேர்ட் பெருமாள்கிட்டல்ல இருந்துச்சு!”

இனி யாரும் போய்க் கேட்க முடியாது என்பதில் அவருக்கு எவ்வளவு நிம்மதி!

அகப்பக்கத்தை வைத்திருக்கும் கம்பெனிக்கு நானே எழுதினேன். பதிவு பெருமாள் பெயரில் இருக்கிறதாம்; இறப்புச் சான்றிதழ் நகல் வேண்டுமாம். சரசு அக்காவை மறுபடி அழைத்து விவரம் சொன்னேன். “இனிமே உங்களுக்குத் தொல்லையே இருக்காது அக்கா” என்று பெருமையடித்துக்கொண்டேன்.



“தரேன் தம்பி. அவரு போனுக்கு நான் தெனம் சார்ஜ் போட்டு வைக்கிறேன்... இனிமே ‘பெருமாள் அண்ணன் இருக்காரா’ன்னு யாரும் கேக்க மாட்டாங்க, இல்ல?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் தொல்லை என்று சொன்னதைத்தான் அவர் மூன்று வருடமாகக் காத்து வந்திருக்கிறார்.

புதிய பக்கம் வந்துவிட்டது. நேரம், பெர்மிட், போகும் வழி... திறந்ததும் கண்ணில் படும். தலைவர் படம் இல்லை. தலைவர் என்னோடு பேசுவதும் இல்லை. அக்காவின் சம்மதத்தோடு, தொடர்புக்கு: திருமதி பெருமாள். எண், அதே பழைய எண்.

‘மீண்டும் வருக’வை எடுத்துவிட்டோம். வர வேண்டியவர்கள் எப்படியும் வரத்தான் போகிறார்கள்.