தொரை கலர் பீரோ

மரத்துக்கு மெருகேற்ற ஸ்பிரிட்டில் ஊறவைத்த அரக்கின் வாசனை மூக்கோடு நிற்பதில்லை. தொண்டையில் இறங்கி லேசாகக் கசக்கும். அந்தக் கசப்பு ஒரு கோடை முழுவதும் எங்கள் வீட்டு மோரிலும் துவையலிலும்கூடக் கலந்திருந்தது. அக்காவின் கலியாணச் சீருக்காக அப்பா பின்கட்டில் ஆசாரியை உட்காரவைத்துத் தேக்குமரத்தில் பீரோ செய்வித்த கோடை அது. ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் மதிப்போடு ஜவுளி வணிகம் நடத்திய குடும்பம் எங்களுடையது. பிறர் வீட்டுப் பொருளைப் பார்த்து ஏங்கவேண்டிய நிலை எங்களுக்கு இருந்ததில்லை. ஆயினும் ஏங்கினோம்.

காரணம், அதே தெருவிலிருந்த சித்தியின் கூடம். அப்பாவுக்குப் பங்காளி முறையில் தம்பியான சித்தப்பா, சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஸ்டோர் கிளார்க். வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போனபோது அவர்களது பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. கண்ணாடி பதித்த சாப்பாட்டறை அலமாரி ஒன்றை, சைடுபோர்டை, அவர் எடுத்து வந்துவிட்டார். கறுப்பென்றும் சிவப்பென்றும் சொல்லமுடியாத அதன் நிறத்துக்கு எங்கள் ஊரில் "தொரை கலர்" என்று பெயர். சித்தி வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் சைடுபோர்டு, பிறகுதான் காப்பி. என் வகுப்பிலேயே படித்த அவர் மகன் அந்தக் கண்ணாடிமுன் தலைவாரிக்கொண்டு பள்ளிக்கு வருவான். அவன் வகிடு என்னுடையதைவிட நேராக இருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

பீரோ உருவானதும் ஆசாரி ஒரு பலகைத் துண்டில் தேன் நிறம், செங்காவி, தொரை கலர் என மூன்றையும் பூசிக் காட்டினார். தேக்கின் ரேகை தெரியவேண்டும் என்று அப்பா தேன் நிறத்தை விரும்பினார். அம்மாவின் விரல் மூன்றாவதில் போய் நின்றது. அதிலும் சித்தி வீட்டதைவிட ஒரு பூச்சு கூடுதலாக வேண்டும் என்றார். அது எவ்வளவு கருமை என்று நினைவிலிருந்து சொல்ல எவராலும் முடியாததால், பலகைத் துண்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, முறுக்கு அச்சுக் கேட்கும் சாக்கில் அம்மா புறப்பட்டார். நானும் உடன் சென்றேன். அச்சை எடுக்கச் சித்தி உள்ளே திரும்பியதும், அம்மா துண்டைச் சைடுபோர்டின்மேல் வைத்துப் பார்த்தார். கண்ணாடியை மறந்துவிட்டார்.

"இன்னாக்கா, எங்க சைடுபோர்டுக்கு ஜோடி பாக்கறீங்களா?" என்று சித்தியின் குரல் அடுக்களையிலிருந்து வந்தது.

"அடுப்புல வெக்க எடுத்தாந்த துண்டும்மா," என்றார் அம்மா. அச்சை வாங்காமலே திரும்பினோம்.

பூச்சுமேல் பூச்சேறியது. ஆசாரி துணிப்பந்தால் தேய்க்கத் தேய்க்க, சைடுபோர்டைவிட இருண்ட அந்தக் கதவில் எங்கள் முகம் தெரிந்தது. சித்தியின் மகனை அழைத்து வந்து காட்டினேன்; அவன் அந்தக் கதவில் பார்த்துத் தன் வகிட்டைச் சரிசெய்துகொண்டான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கலியாணத்துக்கு முந்தின நாள் சீர்வரிசையைக் கூடத்தில் பரப்பியிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் நந்திதுர்க் சுரங்கத்தில் தலைமுறையாக உழைத்தவர்கள். பங்களாக்களின் உள்ளறைகள்வரை அறிந்தவர்கள். மாப்பிள்ளையின் தாய் பீரோவைச் சுற்றி வந்தார், கதவைத் தட்டிப் பார்த்தார், பிறகு எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: "ஏலத்துல எடுத்ததா சம்பந்தி? எவளோ தொரசாணி கவுனு வெச்ச பொட்டியில எம் மருமவ கூறப்பொடவய வெக்கணுமா?"

எங்கள் ஊரில் அந்த நிறம் ஏலம் என்ற ஒரே வழியில்தான் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது என்பதை நாங்கள் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. சித்தியின் கூடத்தில் பெருமையாக நின்றது, சீர்வரிசையில் பழைய பொருளாக நின்றது. புதுத் தேக்கு என்று அப்பா சொல்லச்சொல்ல அது கடைக்காரர் பேச்சாகவே ஒலித்தது. காட்டுவதற்கு ரேகையும் இல்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். உள்ளறையில் அக்காவின் வளையல் ஓசை நின்றுவிட்டது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சித்தி முன்னால் வந்தார்.

"ஏலத்து சாமான் எங்க வீட்ல இருக்குதுங்க, வந்து பாருங்க. இது புதுசு. எங்க வீட்டு கலர பாத்து, அதே மாரி வேணும்னு எங்கக்கா ஆசப்பட்டு அடிச்சது. பலகத் துண்ட எடுத்தாந்து வெச்சி வெச்சி பாத்தாங்க. இன்னாக்கா, நெசந்தானே?"

அத்தனை பேர் முன்னிலையில் அம்மா தலையசைக்கவேண்டியிருந்தது. அசைத்தார். ஓரகத்திகளில் ஒருத்தி மற்றவளைக் காட்டிக்கொடுக்கும் சொல் பொய்யாக இராது என்று மாப்பிள்ளை வீட்டார் உடனே நம்பினர். யாரோ சிரித்தார்கள், தாய்மாமன் உட்கார்ந்தார். கலியாணம் குறைவின்றி நடந்தது. சித்தி செய்த அந்த உதவியை அம்மா கடைசிவரை மன்னிக்கவில்லை.

சுரங்கங்கள் மூடிவிட்டன. பங்களாக்களில் சன்னல் சட்டங்கள்கூட மிஞ்சவில்லை. ராபர்ட்சன்பேட்டையில் "தொரை கலர்" என்று கேட்டால் கடைக்காரர் கன்னடத்தில் மறுபடி கேட்கிறார். அக்கா பெங்களூருக்குக் குடிபெயர்ந்தபோது பீரோவும் விலைபோயிற்று. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் "சித்தி பீரோ" என்றே குறிப்பிடுகிறார். மரம் அப்பா வாங்கியது, நிறம் அம்மா தேர்ந்தது என்று ஒவ்வொரு முறையும் நான் திருத்துகிறேன். போன வாரமும் திருத்தினேன்.

"இன்னாடா, உனக்கு இன்னுமா வயிறு எரியுது?" என்றார் அக்கா.

என் வயதுக்கும் படிப்புக்கும் பொருந்தாத கேள்வி என்பதால், நிறம் அம்மா தேர்ந்தது என்று மட்டும் மறுபடி சொன்னேன்.