பேட்டரியில் ஊற்றிய பால் ஆசிட்

"பேட்டரி போயிடுச்சு" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் தலைக்கேறும். வயரைப் பார்த்தாயா, முடிச்சைப் பார்த்தாயா, துருவைச் சுரண்டினாயா என்று கத்திவிடுவேன். கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று என் மருமகன் நினைத்துக்கொண்டிருக்கிறான். நினைத்துக்கொள்ளட்டும்.

ஜப்பான்காரன் காலத்தில் புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் லோரி ஓட்டினேன். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் எனக்கு 'வயர்மேன்' என்று பட்டம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு, அவர் பங்களாவில் மின்விளக்கைத் தொட்டுப் பழகியவன் நான் ஒருவன்தான். அந்தப் பட்டத்தில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது.

சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க ஒரு ஜப்பான் அதிகாரி ஜித்ரா பக்கமிருந்து தோட்டம் தோட்டமாக வந்தான். அவனைத் 'துவான்' என்றுதான் கூப்பிட வேண்டும். அவனுக்கு வீடே லோரிதான். பின்பக்கம் பலகை அடைத்துக் கட்டில், மேசை, விளக்கு, ரேடியோ எல்லாம் வைத்திருந்தான். அவற்றுக்கென்று கட்டிலுக்கு அடியில் தனியாக ஒரு பேட்டரி. எங்கள் தோட்டத்துப் பட்டியலில் என் அண்ணன் பெயரும் ஏறியிருந்தது. அண்ணனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சின்னது அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது.

காலையில் கிராணி என்னைக் கூப்பிட்டார். ஆபீஸ் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், நாலு ஜப்பான் வார்த்தை கற்றுக்கொண்டு மொழிபெயர்ப்பாளர் ஆகியிருந்தார்.

"தம்பி, துவானோட லோரியில வெளக்கு, ரேடியோ ஒண்ணும் வேலை செய்யல. நீ சரி பண்ணிக் குடுத்தா ஒங்க அண்ணன் பேர அடிச்சிடறேங்கறாரு."

"நெசமாவா சொல்றாரு?"

"சொல்றாருலா. லோரி குழியில குதிச்சா அணையுதாம், இன்னொரு தடவ குதிச்சா எரியுதாம். போய்ப் பாரு."

அந்த ஒரு வரியிலேயே பழுது என்னவென்று அவர் சொல்லிவிட்டார். எனக்குக் காதில் விழுந்தது 'அண்ணன் பேரு' மட்டும்தான். நேரே கட்டிலுக்கு அடியில் புகுந்து பேட்டரி மூடிகளைத் திறந்தேன். தண்ணீர் வற்றிப்போயிருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

பேட்டரி ஆசிட் அப்போது எங்கே கிடைக்கும்? அரிசியே கிடைக்கவில்லை. ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் அரை ஜாடி மிச்சம் இருந்தது. ஸ்டோர்காரர், "ஆசிட்னா ஆசிட்தானே, ஊத்துலா" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பாலையே கட்டியாக்குகிற சரக்கு இந்தப் பெட்டிக்கு உயிர் கொடுக்காதா என்று நினைத்தேன். மழைத் தண்ணீரில் கலந்து பேட்டரியின் ஒவ்வொரு அறையிலும் ஊற்றினேன். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி எங்கள் எல்லோருக்கும் பழக்கமானதுதான்.

மூடிகளைத் திருகிப் பெட்டியைத் தோளால் உள்ளே தள்ளினேன். விளக்கு எரிந்தது! ரேடியோ கரகரவென்று பேசியது. அதிகாரி தலையசைத்தான். கிராணி பேனாவை எடுத்து அண்ணன் பெயரை அடித்தார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் லோரி புறப்பட்டு, தோட்டத்து வாசல் கால்வாயில் ஒரு குதி குதித்தது. ரேடியோ வாயை மூடிக்கொண்டது. அதிகாரி இறங்கி வந்து என்னைக் கன்னத்தில் அறைந்தான். பேட்டரியைத் திறந்தால் ஒரே நாற்றம், உள்ளே கலங்கிக் கிடந்தது. கிராணி என் முகத்தைப் பார்க்காமலே அண்ணன் பெயரை மறுபடி எழுதினார். அண்ணன் மாற்றுத் துணிகூட எடுக்கவில்லை. அண்ணனையும் மற்றவர்களையும் ஏற்றிய இன்னொரு லோரியில் அதிகாரியும் முன்னால் ஏறிக்கொண்டான். வீட்டு லோரியைப் புது பேட்டரி வரும்வரை எங்கள் ஸ்டோர் வாசலில் விட்டுவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் கூலிம் டவுனிலிருந்து ஒரு சிப்பாய் புது பேட்டரி கொண்டுவந்தான். மாட்டினேன். விளக்கு எரிந்தது. கதவைச் சாத்தினேன், அணைந்தது. தரையில் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். பேட்டரியிலிருந்து வரும் எர்த் கம்பியை இரும்புச் சட்டத்தில் முடுக்கியிருந்த இடத்தில் கட்டைவிரல் கனத்துக்குத் துரு. அந்தத் திருகாணி விரலால் தொட்டதற்கே ஆடியது. அன்று விளக்கு எரிந்தது ஆசிட்டால் இல்லை, நான் தோளால் தள்ளியதில் இது ஒட்டிக்கொண்டதால்தான். பால் வெட்டும் கத்தியால் சுரண்டி, முடுக்கினேன். அதற்குப் பிறகு கதவை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் விளக்கு அணையவில்லை. அடித்துக்கொண்டே இருந்தேன். சிப்பாய் வந்து என்னைப் பிடித்து இழுத்தான்.

அண்ணன் திரும்பி வரவில்லை. சண்டை முடிந்து சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக வந்தவர்களில் ஒருவர், காய்ச்சலில் போய்விட்டார் என்று சொன்னார்.

அன்று அண்ணி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த லோரிக்கு என்னதான் கோளாறு, தம்பி?"

"பேட்டரி போயிடுச்சு, அண்ணி" என்றேன்.

"நீ என்னய்யா பண்ணுவ, சாமான் கெடைக்காத காலம்" என்று சொல்லி, தன் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.