முனை சுரண்டாத கம்பி

பாவாயி டீச்சர் போய்விட்டார் என்று அவருடைய மகள் எழுதிய கார்டு போன வாரம் வந்தது. காய்ச்சல் ஒரு வாரம்கூட இருக்கவில்லையாம். பள்ளி மலருக்கு என்னை நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லியிருந்தாள். ‘அம்மா உங்களைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை’ என்ற வரியைப் படித்தபின்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

டீச்சரை அறிந்த உங்களுக்கு அவர் வாழவந்தி நாட்டுப் பள்ளியின் தையல் டீச்சர். அவர் சயின்ஸ் டீச்சராக ஆசைப்பட்டது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அது நடக்காமல் போனதற்குக் காரணம் நான்.

வாழவந்தி நாடு இருக்கும் மலைக்கு பஸ் ஏறாத காலம். நான் அங்கே சயின்ஸ் வாத்தியார். பிள்ளைகளே பாகங்களைப் பூட்டிப் பார்க்கும்படி, பேட்டரி வேண்டாத ஒரு படிக ரேடியோ செய்யலாம் என்று கிளம்பினேன். சேலத்தில் சாமான் வாங்க டீச்சர் தானே முன்வந்தார். யுத்தகாலத்து ஹெட்போன், படிகக் கல், எனாமல் பூசிய செம்புக் கம்பி, ஈயம், அதை உருக்கி ஒட்டும் பற்றுக்கோல் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி, அடிவாரத்திலிருந்து தலையில் சுமந்தே ஏறி வந்தார். பட்டியலில் ஒன்றும் குறையவில்லை.

மூங்கில் குழாயில் கம்பி சுற்றியதும் அவர்தான். நான் சுற்றினால் இழைமேல் இழை ஏறிக்கொள்ளும். “தையல்லயும் இப்படித்தானுங்க சார், அவசரப்பட்டா பிரிக்கோணும்” என்று சிரித்துவிட்டு, கடைசிச் சுற்றை நீல நூலால் தன் கைமுடிச்சுப் போட்டுக் கட்டினார்.

அடுப்புக்கரித் தணலில் பற்றுக்கோலைச் சூடாக்கி நான் ஈயம் வைக்கப் போனபோது கேட்டார்: “முனையை என்னமோ சுரண்டோணும்னு கடைக்காரர் சொன்னாருங்களே சார்?” எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பி.எஸ்ஸி. படித்தவனுக்கு ஒரு தையல் டீச்சர் சொல்லித் தருவதா? எனக்குத் தெரியும் டீச்சர் என்றேன். ஈயம் உருண்டையாக ஒட்டியது. ஒட்டியதே போதும் என்று விட்டுவிட்டேன்.

டீச்சர் கைபட்ட ரேடியோவைப் பார்த்து, அவரை சயின்ஸ் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்ய ஆய்வாளர் நடந்தே மலையேறி வந்தார். ஊரே கூடியிருந்தது. ஹெட்போனைக் காதில் வைத்தார். திருச்சி ஸ்டேஷனும் வரவில்லை, இரைச்சல்கூட இல்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாய் கூசாமல் சொன்னேன்: “கம்பி தப்புங்க. டீச்சர் ஏமாந்து வாங்கிட்டு வந்துட்டாங்க.”

டீச்சர் தலைகுனிந்து நின்றார். கடைக்காரர் சொன்னதை அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அகப்பட்டிருப்பேன். சொல்லவில்லை. இவர் ஊசியோடே இருக்கட்டும் என்று ஆய்வாளர் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் ஈயத்தைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே, மின்சாரத்தைக் கடத்தாத எனாமல் பூச்சு அப்படியே இருந்தது. முனையை பிளேடால் சுரண்டி மறுபடி வைத்ததும் திருச்சி நாதசுரம் தெளிவாகக் கேட்டது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாமக்கல்லிலிருந்து புதுக் கம்பி வரவழைத்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

டீச்சரும் வந்து ஹெட்போனை மாட்டிக் கேட்டார். கேட்டுக்கொண்டே சுருளைத் தடவினார். நீல நூலில் விரல் நின்றது.

“புதுக் கம்பிங்களா சார்?”

“ஆமாம் டீச்சர்.”

“சரிங்க சார்” என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார்.

அடுத்த வருடம் எனக்கு மாற்றல் வந்தது. ஆய்வாளருக்கு ஒரு கார்டு எழுத எத்தனை நேரம் ஆகியிருக்கும்? பத்து வருடமாக எழுதவில்லை. மலரில் இதை அப்படியே அச்சிட வேண்டும் என்று அவர் மகளைக் கேட்டுக்கொள்கிறேன். உன் அம்மா வாங்கி வந்த கம்பி நல்ல கம்பி, மகளே.

டீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த ‘சரிங்க சார்’ ஒன்றுதான். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள இத்தனை வருடமும் முயன்று பார்த்தேன். அவர் மன்னித்ததாகச் சொல்லவே இல்லை.