வருஷா வருஷம் ஒரு கையெழுத்து

பாண்டி பஜார் ஜவுளிக்கடை ஒன்றில் ஆடித் தள்ளுபடி கார்டு தபாலில் அனுப்பும் முகவரிப் பட்டியல் என் பொறுப்பு. கேட்காமல் அனுப்பினால் மரியாதை இல்லை என்பார் முதலாளி. அதனால் வருஷா வருஷம் வாடிக்கையாளரிடம் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும். மற்றவர்களை நான்தான் துரத்துவேன். மேற்கு மாம்பலத்துக்காரர் ஒருவர் மட்டும் ஆனி பிறந்ததும் தானே வந்துவிடுவார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, சொந்தப் பேனா. கையெழுத்துப் போடுவாரே தவிர, ஒரு கைக்குட்டைகூட வாங்கியதில்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது.

"இனிமே கார்டு கிடையாது சார், ஈமெயில்தான். உங்களுக்கு அனுப்பலாமா?" என்றேன்.

"அதுக்குப் போஸ்ட்மேன் வருவாராம்மா?"

"வர மாட்டார் சார். நேரா கம்ப்யூட்டருக்கே வந்துடும்."

"அப்ப வேணாம்மா. அவர்தான் வாசல்ல நின்னு என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு. வேற யாரு கூப்பிடுறா?"

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். பட்டியலில் அவர் பெயரை நான்தான் கோடு போட்டு அடித்தேன்.

ஏழு வருஷம் என் கையால் எழுதிய முகவரி. தெரு, கதவு எண், மாடிப் போர்ஷன் எல்லாம் இன்றும் சொல்வேன். பெயர்தான் வர மாட்டேன் என்கிறது.