மத்தியான வெயிலில் ஒரு ஸ்வெட்டர்

டாக்டர் கோமதி போய்விட்டார் என்று அவருடைய மகள் கோயம்புத்தூரிலிருந்து போனில் சொன்னபோது, மலைமேல் கட்டபெட்டில் என் லேப்பில் கையில் ஊசியோடு நின்றிருந்தேன். ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள் வெளியே பெஞ்சில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு ஓடத்தான் தோன்றியது. ஆனால் வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் டாக்டரம்மா என்னைச் சும்மா விட மாட்டார். கடைசி ஆளுக்கும் எடுத்து முடித்த பிறகுதான் அழுதேன்.

அவருடைய கிளினிக்குக்கும் என் லேப்புக்கும் நடுவே ஒரு சுவர்தான். "ஏனுங்க லேப்காரரே" என்று அந்தச் சுவரைத் தாண்டி வரும் குரல் நம் ஊர்க்காரர்களான உங்கள் எல்லோருக்கும் தெரியும். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, சண்டைக்கும் குறைவில்லை. "வெறும் வயித்தோடதானுங்க வந்தேன், டீ மட்டுந்தான் குடிச்சேன்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம் ஊரில் டீயை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. டாக்டர் கோபப்படாமல், "சக்கரை தூக்கலாங்களா? தொட்டுக்க வர்க்கி உண்டுங்களா?" என்று விசாரித்துக்கொண்டிருப்பார்.

ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிக அதிகமானால், ரத்தம் தெளிந்த பிறகு டியூபின் மேல்பகுதி பால் கலந்தது போல வெளுத்து நிற்கும். ஒரு எஸ்டேட் லாரி டிரைவரின் ரத்தம் அப்படி வந்தது. "எண்ணெய்ப் பலகாரமே தொடறதில்லைங்க டாக்டரம்மா" என்று அவர் சத்தியம் செய்தார்.

"சரிங்க. சாயங்காலம் ஊத்திக்கறது?"

"அதுல எண்ணெய் இல்லீங்களே!"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவரை உட்கார வைத்து, சாராயமும் சர்க்கரையும் மைதாவும் ஈரலுக்குள் போய்க் கொழுப்பாக மாறும் கதையைப் பொறுமையாகச் சொன்னார். நானாக இருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன்.

டாக்டர், பேரன் பிறந்ததற்காகக் கோயம்புத்தூர் போய்ச் சில மாதம் இருந்தபோது, என் மனைவி செல்வியின் ரத்தமும் அப்படியே வெளுத்து வந்தது. முதலில் மிஷினைத் திட்டினேன். மறுபடி போட்டேன், அதேதான். வேறு டாக்டரிடம் காட்டினோம். எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். வீட்டில் வடைச்சட்டி பரணுக்குப் போனது. செல்வி அரை வயிறு சாப்பிட்டாள். கொழுப்பு இறங்கவில்லை, முகம் மட்டும் ஊதிக்கொண்டே போனது. "உக்காந்து தின்னா இப்படித்தான்" என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அவள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுவதைப் பார்த்து, இவளை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

டாக்டர் திரும்பி வந்த அன்று நல்ல சித்திரை வெயில். செல்வி எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தாள். ரிப்போர்ட்டை எடுத்து நான் நீட்டுவதற்குள் டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் கண்ணு, இந்த வெயில்லயுமா ஸ்வெட்டர்?"

"மலைன்னா குளுரத்தானுங்களே செய்யும், டாக்டரம்மா."

"இங்க வேற யாரும் போடலையே." அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். சில்லென்று இருந்திருக்க வேண்டும். "லேப்காரரே, தைராய்டு பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. குளிர்கிறது என்று ஒருவர் சொன்னால் இந்த மலையில் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அன்றே பார்த்தோம். தைராய்டு சுரப்பு அடியோடு குறைந்திருந்தது. அது குறைந்தால் உடம்பு கொழுப்பைச் செலவழிக்காமல் ரத்தத்திலேயே தேங்க விட்டுவிடும் என்றார் டாக்டர். இன்னும் ஏறியிருந்தால் கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்பதை, மாத்திரையில் எல்லாம் சரியான பிறகுதான் என்னிடம் சொன்னார்.

"கொழுப்பு ஏர்றதுக்கு வாய் மட்டும் வழி இல்லீங்க. சக்கரை வியாதி, கிட்னி, சில மாத்திரைங்க, அப்பன் ஆத்தா குடுத்த ஒடம்புன்னு எத்தனையோ இருக்குது. எல்லாத்தையும் கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க" என்பார். இப்போதும் டியூபில் வெளுப்பைப் பார்த்தால் சுவர்ப் பக்கம் திரும்பி, "டாக்டரம்மா" என்று வாயெடுத்துவிடுகிறேன். அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கிறது. ஒரே ஒரு தடவை அந்தக் குரல் என்னை வம்புக்கு இழுக்காதா என்று ஏங்குகிறேன்.

அவருடைய நாற்காலியையும் ஸ்டெதாஸ்கோப்பையும் மகள் எடுத்துக்கொண்டு போனார். ஞாபகமாக ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று என்னிடமும் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் எனக்குத் திரும்பக் கொடுத்தது சமையலறையில் நின்றுகொண்டு, "ஏனுங்க, எழுதுனது போதும், சோறு ஆறுது" என்று இப்போது சத்தம் போடுகிறது.