அறுப்புக் காலத்து ஈர வரப்பு

எழுபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டேன். இன்னமும் ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டில் யாராவது என்னைப் பிடித்துக்கொண்டு, வங்கதேசப் போரில் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்கிறார்கள். ஒருவரையும் சுடவில்லை. பட்டாளத்தில் நான் கண்ணிவெடி எடுக்கும் ஆள். அதைச் சொன்னால் கேட்டவர் முகம் தொங்கிப் போகிறது. அதற்கு நான் என்ன செய்ய?

அங்கே ஒரு ஊருக்குள் நாங்கள் போனபோது எதிரிப் படை முந்தின நாளே ஓடியிருந்தது. ஊரே தெருவில் நின்று சிரித்தது. ஒரு பெண் மட்டும் கருக்கரிவாளோடு வயல் பக்கம் நடந்தாள். லுங்கி கட்டி, தோளில் துப்பாக்கி மாட்டிய வங்கதேச விடுதலைப் படைக்காரர் ஒருவர் ஓடிப்போய் அவளைத் தடுத்தார். அவளுடைய தம்பியாம். இரண்டு நாளைக்கு முன் அந்த வயல் வரப்பில் கண்ணியை மிதித்துத்தான் அவள் புருஷன் செத்திருந்தான். நெல்லோ முற்றிச் சாய்ந்து, தொட்டால் கொட்டும் பதத்தில் நின்றது. வீட்டில் மூன்று பிள்ளைகள், பானை காலி. விட்டால் அறுக்கப் போய்விடுவாள் என்று தம்பி அரைகுறை இந்தியில் சொன்னார்.

எங்கள் அதிகாரியும் தமிழர். “நமக்கு ரோடுதான் வேலை. நாளைக்கு காலையில கிளம்பணும். வயலை விட்டுடுப்பா” என்றார்.

“ஒரு பகல் குடுங்க சார். இது எனக்குத் தெரிஞ்ச வேலை.”

திமிர்தான், ஆனால் பொய்யில்லை. எங்கள் ஊரில் வரப்பைச் செதுக்கிச் சேறு பூசுவது நடவுக்கு முன்னால். அறுப்பு நேரத்தில் எந்த விவசாயியும் அந்த வேலையைச் செய்யமாட்டான். இங்கே காய்ந்த வரப்பில் அங்கங்கே முழ நீளத்துக்கு ஈரச் சேறு, வழவழவென்று பூசியிருந்தது. வயலையே பார்க்காத எவனோ கண்ணியைப் புதைத்து மூடிய காரியம். அதிகாரி சரியென்றதும், படுத்துக்கொண்டே கம்பியால் மெல்லக் குத்திப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்தேன். ஏழு இருந்தன. முழங்கையெல்லாம் ரத்தம். வயலுக்குள் எவனாவது இறங்கியிருந்தால் பயிர் மிதிபட்டிருக்கும். ஒரு தாள்கூட ஒடியவில்லை. உள்ளே கண்ணி இல்லை, அறுக்கலாம் என்றேன்.

தம்பி அதை அவளிடம் சொன்னார். அவள் அசையாமல் என் முகத்தையே பார்த்தாள். அவள் நம்பாததில் என்ன தப்பு? அரிவாளை வாங்கிக்கொண்டு நானே வயலில் இறங்கினேன்.

பயமாகத்தான் இருந்தது. குறுக்கே அறுத்துக்கொண்டே போய், எதிர் வரப்பில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். என் காலடித் தடத்திலேயே கால் வைத்து அவளும் வந்திருந்தாள். அரிவாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு தடத்தை விட்டு விலகி, நான் மிதிக்காத நெல்லுக்குள் நடந்தாள்.

அவள் குனிந்து ஒரு பிடி அறுத்தாள். அடுத்த பிடியையும் அறுத்தாள். தம்பி துப்பாக்கியை வரப்பில் வைத்துவிட்டு இறங்கினார்.

மறுநாள் காலையில் நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பியபோது, அவள் களத்தில் கதிர் அடித்துக்கொண்டிருந்தாள்.