கணப்புக்கு முன்னால் ஒரு விரிப்பு

திங்கட்கிழமை சினை ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கத் தொடங்குகிறார்கள். அதற்குள் நோலீன் கணப்புக்கு முன்னால் போட ஒரு விரிப்பு வாங்கியாக வேண்டும். முப்பத்தோரு வருடமாக ரோமக் கொட்டகையில் தரம் பிரிக்கிறவள் அவள். இந்த முறை போகாவிட்டால் அவள் மேசைக்கு வேறொருத்தி வந்துவிடுவாள். போனால், காலை ஏழு மணி முதல் மாலை வரை ரெக்ஸ் வீட்டில் தனியாக இருக்க வேண்டும்.

ரெக்ஸ் அவள் கணவன். மார்ச்சில் வந்த பக்கவாதத்தில் இடது கை விழுந்துவிட்டது. இடது காலை இழுத்துத்தான் நடப்பான். அந்தக் காலில் சூடு பட்டாலும் தெரியாது. ஆனாலும் கணப்பை விட மாட்டான். பக்கத்துப் பண்ணைக்காரர் காற்றுத் தடுப்பு மரங்களை வெட்டியபோது ஒரு டிரெய்லர் நிறைய மக்ரோகார்ப்பா விறகைச் சும்மா கொட்டிவிட்டுப் போயிருந்தார். எரியும்போது கடுகு வெடிப்பது போலப் பொறி தெறிக்கும் விறகு அது. திறந்த கணப்பில் போடக் கூடாது என்று அவர்கள் ஊரான ரான்ஃபர்லியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சும்மா வந்த விறகை ஒதுக்கிவிட்டு வேறு விறகு வாங்க அங்கே யாருக்கும் மனம் வராது என்பதும் தெரியும். பொறியைத் தடுக்கக் கம்பித் தட்டியை வைத்தால், "சூட்டையெல்லாம் இதுவே தின்னுடுது" என்று ரெக்ஸ் ஒற்றைக் கையால் தள்ளிவிடுவான்.

போன வாரம் பழைய நைலான் விரிப்பில் கங்கு விழுந்து பற்றிக்கொண்டது. சமையலறையிலிருந்து ஓடி வந்து அவள்தான் மிதித்து அணைத்தாள். அவனோ நாற்காலியைப் பிடித்தபடி பாதிதான் எழுந்திருந்தான். வாழ்நாளெல்லாம் கம்பளி ரோமத்தில் கை வைத்தவள் வீட்டில் நைலான்! அவளுக்கே வெட்கமாக இருந்தது. விரிப்பே வேண்டாம், கால் தடுக்கும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். வெறும் மரத்தரையில் கங்கு விழுந்தால் என்ன செய்வது என்று அவர்கள் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி அலெக்சாண்ட்ரா நகருக்குப் போனாள். கடைக்காரி ஜானிஸ் பூப்போட்ட விரிப்பு ஒன்றை விரித்தாள்.

"இது தொட்டா கம்பளி மாதிரியே இருக்கும் பாருங்க."

"மாதிரியா? ஒரு மாதிரியப் போன வாரம்தான் மிதிச்சு அணைச்சேன். ஓரத்துல ஒரு இழை பிய்ச்சுக்கவா?"

வாசலுக்கு வெளியே நின்று லைட்டரைக் காட்டினாள். இழை உருகி, எரிந்துகொண்டே சொட்டியது. அடுத்து ஜானிஸ் காட்டிய அசல் கம்பளி விரிப்பின் இழை சுருண்டு, முடி கருகிய நாற்றத்தோடு தானே அணைந்தது. அந்த விரிப்போ மூன்று விரல் உயரத்துக்குப் புசுபுசுவென்று இருந்தது.

"இது என் புருஷனக் கவுத்துடும்."

"அடியில ரப்பர் போட்டா நகராதுங்க."

"நகராது, சரி. ஓரம் தடுக்குமே? அவன் கால் தொடப்பம் மாதிரி தரையக் கூட்டிக்கிட்டே வரும்."

ஜானிஸ் சிரிக்கலாமா என்று தெரியாமல் உள்ளே போய், கனமாக, தட்டையாக நெய்த சாம்பல் நிறக் கம்பளி விரிப்பை எடுத்து வந்தாள். யாரும் கேட்பதில்லையாம், அழகில்லை என்று. நோலீன் குனிந்து ஓரத்தைத் தடவினாள். அதிலும் ஒரு நூல் உயரம் இருந்தது. வேறு கடை தேடக் காலில் தெம்பில்லை. வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சுத்தியலும் சிற்றாணிப் பெட்டியுமாக அவள் மண்டியிட்டதும் ரெக்ஸ் கத்தினான்.

"ஏய்! என் தரையில ஆணியா? அந்தப் பலகைய நான் மூணு வாரம் தேய்ச்சேன் தெரியுமா?"

"தெரியும். முப்பது வருஷமா சொல்லிட்டுதான இருக்க."

"ஒட்டிக்கிற டேப் போடேன்."

"சூட்டுல டேப் கழண்டுக்கும். ரெக்ஸ், என்னால சண்டை போட முடியல. ஆணி அடிக்கணும், இல்ல நெருப்ப விடு, இல்ல நான் வேலைய விடணும். ஏதாவது ஒண்ணு சொல்லு."

அவன் வலது கையால் தரையைச் சுட்டினான். "பலகை சேர்ற இடத்துல அடிக்காத, பொளந்துடும்," என்றான் கடைசியில்.

விரற்கடைக்கு ஓர் ஆணியாக ஓரம் முழுக்க அடித்து முடித்தபோது அவள் முதுகு நிமிரவில்லை. ரெக்ஸ் எழுந்து, காலை இழுத்துக்கொண்டு விரிப்பின் மேல் போனான், திரும்பினான், மறுபடி போனான். ஓரத்தில் ஒருமுறை கால் நின்றது. அவள் தாங்கக் கை நீட்டினாள். பிறகு கால் வழுக்கி ஏறிக்கொண்டது.

வேண்டுமென்றே ஒரு மக்ரோகார்ப்பாக் கட்டையை நெருப்பில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். சற்று நேரத்தில் கங்கு ஒன்று தெறித்து விரிப்பில் விழுந்தது. இருவரும் அசையவில்லை. மெல்லிய புகை எழுந்தது, நாற்றம் வந்தது, கங்கு கறுத்தது.

"சரி, திங்கட்கிழமை போறேன்," என்றாள்.

"அப்போ மத்தியானம் எனக்கு சாண்ட்விச் யார் போடுவா?"

"வலது கை நல்லாத்தான இருக்கு? தரைக்காகச் சண்டை போடத் தெரியுது, ரொட்டிக்கு வெண்ணெய் தடவத் தெரியாதா?"

அவன் முகம் கோணலாகச் சிரித்தது. அவளுக்கும் சிரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. சுத்தியலை மடியில் வைத்தபடி, எழுந்திருக்கத் தெம்பில்லாமல், விரிப்பின் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.